யாழினி என்றே கூப்பிடுங்கள்

குழந்தையின் காதோரம் வெற்றிலையை வைத்து மறைத்துக்கொண்டு மூன்று முறை பேர் சொல்ல வேண்டியது அத்தையின் உரிமை. எங்கள் வீட்டில் அந்த அத்தை நான். போன தை மாதம், மணிமங்கலத்தில் தம்பி குடியிருக்கும் வாடகை வீட்டு மாடியில், புடவைத் தொட்டிலுக்கு மேலே குனிந்து “யாழினி” என்று மூன்று தரம் சொன்னேன். அடுத்து அம்மா குனிந்தார். “யாயினி” என்றார். தென்காசியிலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மா “யாளினி” என்றார். தம்பியோடு ஒரே லைனில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரத் தம்பி ஒருவர், கையில் சின்ன கொலுசுப் பெட்டியோடு வாசலில் நின்றபடியே “யாஜினி, பஹுத் அச்சா நாம்” என்று சிரித்தார். பிள்ளை பிறந்து முப்பது நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் அவளுக்கு நான்கு பேர்.

முந்தின ராத்திரியே இந்தப் பேச்சு வந்துவிட்டது. பேர் எழுதிய தாளை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தம்பிக்குத்தான் தயக்கம். அவன் பேரிலும் ஒரு ழ இருக்கிறது. “அக்கா, பதினோரு வருஷமா கம்பெனில ஒருத்தர்கூட என் பேரை ஒழுங்கா கூப்பிட்டதில்ல. ஐடி கார்டைப் பார்த்துட்டு ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்லுவாங்க. நானும் திருத்தித் திருத்திப் பார்த்து விட்டுட்டேன். பாப்பாவுக்கும் அதே தலையெழுத்து வேணுமா?” என்றான். அம்மாவுக்கு வேறு கவலை. “இன்னாம்மா பேரு, வாயிலயே நொயைய மாட்டேங்குது. செல்லியம்மா பேரை வெச்சா ஆவாதா?” பிள்ளையைப் பெற்றவள் மட்டும் அசையவில்லை. “மதினி, பேரு அளகா இருக்கணும்னு ஆசப்பட்டேன். சொல்ல வராதவங்களுக்குச் சொல்லிக் குடுப்போம். அவ்வளவுதான?”

வாயில் நுழையாத பேர் என்று நாம் எல்லோருமே ஏதோ ஒரு பேரைச் சொல்லியிருப்போம். அந்த ‘நுழை’ என்ற சொல்லிலேயே ஒரு ழ உட்கார்ந்திருக்கிறது என்பது அன்று ராத்திரி அம்மா அதைச் சொன்ன விதத்தில்தான் எனக்கு உறைத்தது. ஒரு பேர் வாயில் நுழையவில்லை என்றால் பேரை மாற்றுவதா, வாயைப் பழக்குவதா? ஒரகடத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டை வரை பல மாநிலத்துக்காரர்களும் பல தேசத்துக்காரர்களும் ஒரே கூரையின் கீழ் வேலை பார்க்கும் இந்தப் பகுதியில் பிள்ளை பெறும் எந்த வீட்டுக்கும் இப்போது இந்தக் கேள்வி வருகிறது.

பேர் விஷயத்தில் மணிமங்கலமே பெரிய அனுபவசாலி. பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை முறியடித்த போர்க்களங்களில் ஒன்று இது. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்று கூரம் செப்பேடு களங்களின் பேரைச் சொல்கிறது. 1,300 ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பேர் இருக்கிறது. நடுவில் சோழர்கள் வந்தார்கள். பிரமதேயமாக இருந்த ஊருக்கு அடுத்தடுத்துப் புதுப் பேர் சூட்டினார்கள். இங்குள்ள ராஜகோபாலப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளில் அவற்றைப் படிக்கலாம். லோகமாதேவிச் சதுர்வேதிமங்கலம், இராசசூளாமணிச் சதுர்வேதிமங்கலம், பாண்டியனை இருமடி வென்கொண்ட சோழச் சதுர்வேதிமங்கலம், கிராமசிகாமணிச் சதுர்வேதிமங்கலம். அரசியின் பேர், அரசனின் பட்டம், போரில் பெற்ற வெற்றி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமை உண்டு. ஆணை பிறப்பித்தார்கள், கல்லில் வெட்டினார்கள். ஆனால் ஏரியில் மாடு குளிப்பாட்டியவனும் சந்தைக்குக் கீரை சுமந்தவளும் மணிமங்கலம் என்றேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக வரும் பஸ்ஸின் நெற்றியில் இருப்பதும் அதுதான்.

இதைப் படித்துவிட்டு, எளிய பேர்தான் நிலைக்கும், ஆகவே எளிய பேராக வையுங்கள் என்று சொல்லிவிடலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். காரணம், பக்கத்திலேயே பூந்தமல்லி இருக்கிறது. பூவிருந்தவல்லி என்பது ஒரு பெண்பிள்ளைக்கு வைக்கத் தகுந்த அழகான பேர். சொல்வதற்கும் கஷ்டமில்லை. அதைத் தமிழ் வாயே தேய்த்துப் பூந்தமல்லி ஆக்கியது, பிறகு ஆங்கிலம் அதையும் தேய்த்துப் பூனமல்லி ஆக்கியது. ஸ்ரீபெரும்புதூரைப் பாருங்கள். ராஜீவ் காந்தி அங்கே கொல்லப்பட்ட 1991 மே 21 ராத்திரிக்குப் பிறகு உலகம் முழுக்கச் செய்தியில் அடிபட்ட பேர். முப்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் இந்திச் செய்திகளில் அது ஸ்ரீபெரம்பதூர்தான். எளிமையாக இருப்பதால் மட்டும் ஒரு பேர் தப்பிக்கிறது என்று நினைக்க இடமில்லை. சொல்கிறவர் காதுகொடுத்துக் கேட்டால்தான் தப்பிக்கிறது.

அம்மா “யாயினி” என்று சொன்னதை நான் குறையாக எழுதவில்லை. சென்னையைச் சுற்றிய இந்த வட்டாரத்தின் பழைய பேச்சு அது. மழை இங்கே ‘மய’, கோழி ‘கோயி’, வாழைப்பழம் ‘வாயப்பயம்’. தெற்கே போனால் அது ‘வாளப்பளம்’. எழுதும்போது எல்லோரும் ழ போடுகிறோம், பேசும்போது ஊருக்கு ஒரு மாதிரி சொல்கிறோம். டெல்லித் தொலைக்காட்சிகளில் கனிமொழி என்ற பேர் ‘கனிமோஜி’ ஆகும்போது நமக்குக் கோபம் வருகிறதே, நம் வீட்டுக் கயல்விழியை நாமே ‘கயல்விளி’ என்று கூப்பிடும்போது அந்தக் கோபம் எங்கே போகிறது? விழி என்றால் கண், விளி என்றால் கூப்பிடுவது. அர்த்தமே வேறு.

இத்தனைக்கும் மணிமங்கலம் இப்போது அடங்கியிருப்பது குன்றத்தூர் வட்டத்தில். குன்றத்தூர் சேக்கிழாரின் ஊர். பெரியபுராணம் பாடிய அவருடைய இயற்பேர் அருண்மொழித்தேவர். குலப்பேரிலும் ழ, இயற்பேரிலும் ழ. அவர் வாழ்ந்த தேசத்தை ஆண்டவர்கள் சோழர்கள். இவ்வளவு ழ புழங்கிய மண்ணில் நம் பிள்ளைக்கு ஒரு ழ வைக்க நாம் பயப்படுவதா என்றுதான் அன்று தம்பியிடம் கேட்டேன்.

யாழினி என்ற பேரின் வேரான யாழுக்கே இந்தச் சோதனை பழையது. யாழ்ப்பாணம் என்ற பேரைப் போர்ச்சுக்கீசியர் தங்கள் நாக்குக்கு வளைத்தார்கள். ‘ஜாஃப்னா’ என்று இன்று உலக வரைபடத்தில் இருப்பது அந்த வளைசலின் மிச்சம். அதில் ழ என்ன ஆனது என்று தேடினால் கிடைக்காது. மற்ற பேர்களில் என்னவெல்லாம் ஆகியிருக்கிறது என்று வரிசையாகப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். சோழமண்டலம் ‘கோரமாண்டல்’ ஆனபோது ழ, ர ஆகிவிட்டது. கோழிக்கோடு ‘காலிகட்’ ஆனபோது ல ஆனது. எழும்பூர் ‘எக்மோர்’ ஆனபோது க் ஆனது. மொழியின் பேரான தமிழே ஆங்கிலத்தில் ல் என்றுதான் முடிகிறது. ஒரே ஒலியைப் பல விதமாகக் கேட்டிருக்கிறார்கள். கேட்ட காதுகளுக்கு அந்த ஒலி புதிது.

பிறகு ஆங்கிலத்தில் அதற்கு ‘இசட், எச்’ என்று இரண்டு எழுத்தைப் போடும் வழக்கம் வந்தது. மலையாளிகளும் ஆலப்புழைக்கு அதையேதான் போடுகிறார்கள். நமக்குள் அது ஓர் ஒப்பந்தம், அதைப் பார்த்ததும் ழ என்று படித்துக்கொள்கிறோம். அந்த ஒப்பந்தம் தெரியாத புவனேஸ்வர்க்காரரோ சியோல்காரரோ அதைப் பார்த்தால் என்ன செய்வார்? இசட் இருக்கிறது, எச் இருக்கிறது, அப்படியானால் ஜவும் ஹவும் சேர்ந்த ஏதோ ஒன்று என்றுதான் நினைப்பார். கொலுசோடு வந்த தம்பி “யாஜினி” என்றது அவர் தப்பு இல்லை. எழுதிக் கொடுத்ததை அவர் நேர்மையாகப் படித்தார். தேவநாகரியில் ள-வுக்குச் சமமான எழுத்துக்கு அடியில் ஒரு புள்ளி வைத்து, ழ-வை எழுதவென்றே தனியாக ஓர் எழுத்து உண்டு. அது இருப்பது இந்தி படித்தவர்களிலேயே பலருக்குத் தெரியாது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியோ ஆங்கில ‘எல்’ எழுத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டு ழ-வைக் காட்டுகிறது. அறிஞர்களுக்கு அது போதும். ஐடி கார்டு அடிக்கும் கம்ப்யூட்டரில் அந்தக் கோட்டுக்கு இடமில்லை.

ஒலிக்கு ஏற்ற மாதிரி ஆங்கில எழுத்தை மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று அரசே ஒரு முறை முயன்றது. 2020 ஜூனில், 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு நெருக்கமாக மாற்றி அரசாணை வெளியானது. கோயம்புத்தூரின் ஆங்கில எழுத்துகள் நீண்டுபோனதைப் பார்த்துத் தமிழர்களே எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறினார்கள். சில நாளில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. எத்தனை எழுத்தைக் கூட்டினாலும் ஆங்கிலத்தை வைத்துத் தமிழ் ஒலியைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது என்பதை நான் அதிலிருந்துதான் புரிந்துகொண்டேன். ஒலி வாயிலிருந்து காதுக்குத்தான் போகும். ஒருவர் சொல்லி இன்னொருவர் கேட்க வேண்டும்.

தொல்காப்பியம் அதற்கு வழி சொல்லியிருக்கிறது. பிறப்பியலில் ர, ழ இரண்டையும் ஒரே நூற்பாவில் வைக்கிறார் ஆசிரியர். நுனிநாக்கு மேலே எழுந்து அண்ணத்தை வருடினால் இந்த இரண்டும் பிறக்கும் என்கிறார். தொடச் சொல்லவில்லை, வருடச் சொல்கிறார். ஒட்டினால் ள ஆகிவிடும். ர-வும் ழ-வும் உறவுக்காரர்கள் என்று அவர் கண்டதை நாம் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது பயன்படுத்தலாம். அமெரிக்க ஆங்கிலம் பேசிப் பழகியவரிடம் “இசட்டை மறந்துவிடுங்கள், உங்கள் ஊர் ‘ஆர்’ எழுத்தை நாக்கை இன்னும் கொஞ்சம் பின்னுக்கு மடக்கிச் சொல்லுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு மூன்று முயற்சியில் ‘யாழினி’க்கு மிக அருகில் வந்துவிடுவார். எழும்பூரையும் ஆலப்புழையையும் அப்படிச் சொல்லிக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். கற்றுக்கொண்டதும் அவர்கள் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும்.

நம் நாக்கு மறந்துகொண்டிருப்பது ழ மட்டுமில்லை. ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் போகிற சாலை முடியும் இடத்துக்குப் பக்கத்தில் மறைமலை நகர் இருக்கிறது. வேதாசலம் என்ற தன் பேரைத் தமிழாக்கி மறைமலை என்று வைத்துக்கொண்டவர் மறைமலையடிகள். வேதம் மறை ஆனது, அசலம் மலை ஆனது. ஒரு மனிதர் எழுத்தெழுத்தாக யோசித்துத் தேர்ந்த பேர். இன்று அந்த ற-வை ர-விலிருந்து பிரித்துச் சொல்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மரை என்றால் இந்தப் பகுதிப் பட்டறைகளில் போல்ட்டின் மரை. வேதம் என்ற பொருள் அதில் இல்லை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு, அதைப் பேசாமல் விட்டால் நியாயமாகாது. கடந்த பல ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்கு வைக்கப்படும் பேர்களில் பாதியைப் பாட்டிகளால் கூப்பிட முடியவில்லை. ஷ்ரேயா ‘செரேயா’ ஆகிறாள், ஹர்ஷிதா ‘அர்சிதா’ ஆகிறாள், ஜ்யோத்ஸ்னா ‘ஜோசனா’ ஆகிறாள். இவை கெட்ட பேர்கள் இல்லை. ஜ்யோத்ஸ்னா என்றால் நிலவொளி, அழகான பொருள்தான். ஆனால் மெய்யெழுத்துகளை இப்படி அடுக்கிச் சொல்வது தமிழ் நாக்கின் வழக்கம் இல்லை. வடசொல் தமிழுக்குள் வரும்போது வட எழுத்தை விட்டுவிட்டு வர வேண்டும் என்று தொல்காப்பியர் விதி செய்ததும், லக்ஷ்மணன் இலக்குவன் ஆனதும் அதனால்தான். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜருக்கு அவருடைய தாய்மாமன் திருமலை நம்பி சூட்டிய பேர் இளையாழ்வார் என்று வைணவ மரபு சொல்கிறது. அதில் ஒரு ழ இருக்கிறது பாருங்கள். ஊரில் எந்தக் கிழவியும் கூப்பிட்டிருக்கக்கூடிய பேர்.

இப்போது பேரைத் தேர்ந்தெடுப்பது பல வீடுகளில் பஞ்சாங்கத்திடம் போய்விடுகிறது. அஸ்த நட்சத்திரத்தில் பிறந்தால் பூ, ஷ, ந, ட என்று நான்கு எழுத்து கொடுக்கிறார்கள். ‘ட’வில் தமிழ்ச்சொல் தொடங்காது. ‘ஷ’வில் பிடித்தால் மேலே சொன்ன வரிசைதான். பூ இருக்கும்போது பூங்குழலி இருக்கிறாளே, ஏன் ஷ-வைத் தேடிப் போக வேண்டும்? அதற்குப் பிறகு எண்கணிதக்காரர் வருவார். கூட்டுத்தொகைக்காக ஆங்கிலத்தில் ஒரு ‘ஏ’யை இரண்டாக்குவார், ஓர் ‘எச்’சைச் செருகுவார். தமிழில் எழுதினால் அந்த எழுத்துக்கு ஒலி கிடையாது. பிள்ளை ஆயுள் முழுக்க “ரெண்டு ஏ போடுங்க, நடுவுல ஒரு எச்” என்று ஒவ்வொரு கவுன்டரிலும் சொல்லிக்கொண்டிருப்பாள். இது பேருக்கு நாமே செய்யும் கெடுதல், இதை விட்டுவிடுங்கள் என்றுதான் எனக்குத் தெரிந்த ஒவ்வொரு இளம் தம்பதியிடமும் சொல்கிறேன்.

நாம் சொல்லத் தடுமாறும் பேர்களும் இப்போது நம் தெருவுக்கு வந்துவிட்டன. ஒடிசா, பீகார், அசாம், ஜார்க்கண்ட் என்று எத்தனையோ ஊர்களிலிருந்து வந்தவர்கள் இங்கே குடும்பமாகத் தங்கிவிட்டார்கள். அவர்கள் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் தமிழ் படிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் பேரை நாம் எப்படிச் சொல்கிறோம்? தமிழில் ‘ப’ ஒன்றுதான். அவர்களுக்கு அது நான்கு. ஜர்னா என்று நாம் எழுதும் பேரின் முதல் எழுத்தில் அவர்கள் ஊரில் ஒரு மூச்சு உண்டு, அருவி என்ற பொருளே அந்த மூச்சில்தான் நிற்கிறது. சித்தி என்று ஒரு பேர் இருக்கிறது. கைகூடுவது, பேறு என்று பொருள். அங்கே அதன் நடுவில் அழுத்தமான ஒரு ‘த்தி’, நம் காதுக்குப் பிடிபடாத ஒலி. தமிழில் எழுதினால் அம்மாவின் தங்கை ஆகிவிடுகிறது. வகுப்பில் ஆசிரியை அந்தப் பேரை வாசிக்கும்போது மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை ஆறு வயதுப் பிள்ளை எப்படித் தாங்கும்?

நம் ழ-வுக்கு நாம் கேட்கும் மரியாதையை அவர்கள் மூச்சொலிக்கு நாம் கொடுத்தாக வேண்டும். பேர் வைக்கும் நாளன்று நான் அந்த ஒடிசாக்காரத் தம்பியிடம் அவர் மகள் பேரைக் கேட்டேன். சொன்னார். நான் திரும்பச் சொன்னேன். தலையை ஆட்டினார், சரியில்லை. மறுபடி சொன்னேன். நான்காவது முறை “ஹாம், ஆயிடுச்சு” என்றார். அதன் பிறகு அவரே “இப்போ நீங்க சொல்லுங்க, யா…” என்று என்னிடம் பாடம் கேட்டார். பத்து நிமிஷம் மாடிப்படியில் நின்று ஒருவர் பிள்ளையின் பேரை ஒருவர் படித்துக்கொண்டோம்.

இது இந்தச் சாலையோரத்துக் கதை மட்டும் இல்லை. கமலா என்பது நமக்கு எவ்வளவு எளிய பேர்! சென்னையிலிருந்து போன சியாமளா கோபாலன் தன் மகளுக்குத் தாமரையின் பேரை வைத்தார். அந்த மகள் அமெரிக்கத் துணை அதிபராகப் போட்டியிட்ட 2020-ல், அக்டோபர் மாதக் கூட்டம் ஒன்றில் அவருடன் செனட்டில் இருந்த டேவிட் பெர்டியூ அந்தப் பேரை வேண்டுமென்றே குழப்பிக் கேலியாகச் சொன்னார். மூன்று எழுத்து, ழ இல்லை, ஷ இல்லை, ஒரு கூட்டெழுத்தும் இல்லை. பிறகு 2024 ஆகஸ்டில் கமலாவின் கட்சி மாநாட்டு மேடையில், அவருடைய தங்கை வழிப் பேத்திகளான இரண்டு சிறுமிகள் நின்று, “முதலில் ‘காமா’ சொல்லுங்கள், பிறகு ‘லா’ சொல்லுங்கள்” என்று அரங்கம் முழுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. பேரை மாற்றிக்கொள்ளாமல் அத்தனை ஆயிரம் பேருக்கும் ஓர் எளிய பேரைப் பழக்கினார்கள்.

எளிதில் உச்சரிக்க வருகிற பேர் உள்ளவர்களை மற்றவர்கள் கூடுதலாக விரும்புகிறார்கள் என்று மெல்போர்ன் பல்கலைக்கழக உளவியலாளர் சைமன் லாகமும் அவருடன் இருவரும் 2012-ல் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்கச் சட்ட நிறுவனங்களில் அப்படிப்பட்ட பேர் உள்ளவர்கள் மேல் பதவிக்கு எளிதாகப் போயிருப்பதையும் அதில் காட்டினார்கள். இதைச் சொல்லித்தான் பல அப்பாக்கள் “சிம்பிளா ஒரு பேரு வைங்க” என்கிறார்கள். எனக்கு அந்த முடிவு ஏற்புடையதாக இல்லை. பேரைச் சொல்லச் சோம்பல்படுகிறவர் கையில் பதவி உயர்வு இருக்கிறது என்பதற்காகப் பிறந்த பிள்ளை விட்டுக்கொடுக்க வேண்டுமா? இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்யும் ஹூண்டாயின் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். கொரிய மொழியில் நவீனம் என்று பொருள். நாட்டுக்கு ஒரு விதமாக அதைச் சொல்கிறார்கள். 2023-ல் அந்த நிறுவனம் பிரிட்டனில் விளம்பரமே போட்டு, சரியான உச்சரிப்பு ‘ஹ்யுன்டே’ என்று மக்களைத் திருத்தியது. ஒரு கார் கம்பெனி தன் பேருக்காகக் கேட்க முடிகிறது. ஒரு பெண்பிள்ளையும் கேட்கலாம்.

பேர் வைத்துவிட்டவர்களுக்கும் வைக்கப் போகிறவர்களுக்கும் ஒரு வேலை உடனடியாக இருக்கிறது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ன்படி, குழந்தை பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். பேரைச் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் கிடையாது. அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆகவே பேர் முடிவாகாமல் அவசரப்பட வேண்டாம். ஆனால் பதிந்த பிறகு நினைத்தபடி மாற்ற முடியாது. எழுத்துப்பிழை திருத்தம் வேறு, பேர் மாற்றம் வேறு. பின்னாளில் பேரை மாற்ற வேண்டுமென்றால் எழுதுபொருள் அச்சுத்துறை வழியாக அரசிதழில் வெளியிடும் அளவுக்குப் போய்விடும். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். அதில் தமிழில் என்ன இருக்கிறதோ அதுதான் பேர்.

விண்ணப்பத்தில் தமிழ்ப் பேரை முதலில் எழுதுங்கள், பிறகு ஆங்கிலம். பல இடங்களில் ஆங்கிலத்தைத் தட்டியதும் கம்ப்யூட்டர் தானாகவே தமிழாக்கிக் காட்டும். ஆதார் எடுக்கும்போதும் அப்படித்தான். பார்த்துத் திருத்தாவிட்டால் யாழினி ‘யழினி’ ஆவாள், மகிழினி ‘மகிஜினி’ ஆவாள், ஒரு கால் எழுத்து போன இடம் தெரியாது. திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் இரண்டு நிமிஷம் நின்று எழுத்தெழுத்தாகப் படியுங்கள். என் சொந்தப் பேரில் விழுந்த ஒரு கொம்பைத் திருத்த நான் நான்கு நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன்.

அம்மாவுக்கு ழ வந்ததா என்று கேட்பீர்கள். பேர் வைத்த மறுநாளிலிருந்து தொட்டிலை ஆட்டும்போதெல்லாம் அம்மா பழகினார். நாக்கு நுனி மேலே போய் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, “யாளினி” வந்தது. ஒட்டாமல் விட்டால் “யாயினி” வந்தது. மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து, “அத்தை, ‘ர’ சொல்லுங்க… அப்படியே நாக்கை உள்ள இழுங்க” என்று சொல்லிக் கொடுத்தாள். சொல்லிக் கொடுத்தவளுக்கே அப்போதுதான் ழ சரியாக வர ஆரம்பித்தது. மாசி பிறப்பதற்குள் அம்மாவுக்குப் பத்தில் ஆறு முறை வந்துவிட்டது. அவசரத்துக்குக் கூப்பிடும்போது இன்னமும் “யாயி” தான். அதுவும் அந்தப் பிள்ளைக்குப் பேர்தான். பாட்டி கூப்பிடும் செல்லப்பேரைத் திருத்த நமக்கு உரிமையில்லை. ர, ற, ழ மூன்றும் பிள்ளைகள் நாக்குக்குக் கடைசியாகத்தான் வரும். யாழினியும் தன் பேரை முதலில் “யாயினி” என்றுதான் சொல்லப் போகிறாள், பாட்டியைப் போலவே.

ஜூனில் பள்ளி திறக்கும். மணிமங்கலத்திலும் படப்பையிலும் ஒரகடத்திலும் முதல் வகுப்பு வருகைப் பதிவேட்டில் யாழினிகளும் ஜர்னாக்களும் ஹர்ஷிதாக்களும் ஒன்றாக இருப்பார்கள். ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பதிவேட்டைப் பார்த்துப் பேரைப் படிக்கும் முன்னால், ஒவ்வொரு பிள்ளையையும் எழுந்து நின்று தன் பேரைத் தானே சொல்லச் சொல்லுங்கள். கூட வந்த அம்மாவிடம் ஒரு முறை கேளுங்கள். சொல்ல வரவில்லையென்றால் அவர் முன்னாலேயே மறுபடி சொல்லிப் பாருங்கள். பிறகு அந்தப் பேரைப் பதிவேட்டில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.